கொழுப்புக் கட்டிதான் என்றேன்

இடைசெவலில் மருந்துக்கடை வைத்திருக்கும் என்னைப் பாதி ஊர் டாக்டர் என்றுதான் கூப்பிடும். நான் மறுத்ததே கிடையாது. சின்னையாவின் வயிற்றைப் பார்த்து வாயு என்று சொன்னதும் அந்த மிதப்பில்தான்.

பருத்திக் காட்டில் காய்ந்த உடம்பு. கை கால் மெலிந்துகொண்டே போக, வயிறு மட்டும் முன்னே வந்தது. தொப்பை போடுகிறவனுக்குக் கன்னமும் கழுத்தும் சேர்ந்துதான் சதை வைக்கும். இவருக்கோ விலா எலும்பை எண்ணலாம். நாலு கவளத்திலேயே போதும்போல ஆகிவிடுகிறது என்றார். "செரிக்கலை, சின்னையா" என்று மாத்திரைப் பட்டையைக் கிழித்துக் கொடுத்தேன். கல்லாவை விட்டு எழுந்து ஒருமுறை வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை. தொட்டிருந்தால் எனக்கே தட்டுப்பட்டிருக்கும். வலி இல்லையே என்பது என் சாக்கு.

இடது கால் வீங்கிய பிறகுதான் திருநெல்வேலிக்குப் போனோம். சி.டி. ஸ்கேன் படத்தை வைத்து அறுவை மருத்துவர் விளக்கினார். குடலுக்குப் பின்னால், முதுகை ஒட்டிக் கொழுப்பில் முளைத்த கட்டி. அங்கே இடம் தாராளம். குடலை ஒதுக்கி, சிறுநீரகத்தைத் தள்ளிக்கொண்டு வளர்ந்தாலும் வெகுநாள் வெளியே தெரியாது. தோலுக்கடியில் உருளுமே, அந்தக் கொழுப்புக் கட்டி வேறு. இந்த ஆழத்தில் இவ்வளவு பெரிதாக இருந்தால் லைபோசார்கோமா என்ற புற்றுநோயைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டுமாம். முதுகு வழியாக ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். நுண்ணோக்கியில் சாதாக் கொழுப்பு போலவே இருக்கக்கூடும் என்பதால், எம்.டி.எம்.2 என்ற மரபணு பெருகியிருக்கிறதா என்று பார்த்து உறுதிசெய்தார்கள்.

இந்த வகை கீமோவுக்கு அவ்வளவாக மசியாது. கத்திதான் வைத்தியம், அதுவும் முதல் தடவையே முழுசாக. கட்டிக்கு உறை இருப்பதுபோலத் தோன்றும். அதை நம்பி உரித்தெடுத்தால் மிச்சம் தங்கிவிடும். அதனால் இடது சிறுநீரகமும் பெருங்குடலில் ஒரு துண்டும் கட்டியோடு சேர்ந்தே போயின. எடை எட்டு கிலோவைத் தாண்டியது.

இதுவரைக்கும் தெரியாமல் செய்தது என்று தப்பித்துக்கொள்ளலாம். அடுத்தது அப்படியில்லை. அதே இடத்தில் திரும்ப முளைக்கலாம், வருஷக்கணக்கில் விடாமல் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று என்னிடம்தான் சொல்லி அனுப்பினார்கள். சின்னம்மா கேட்டபோது, "வெறும் கொழுப்புக் கட்டிதான், எடுத்தாச்சு" என்றேன். அவளைப் பயமுறுத்தக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். புற்றுநோய் என்றால், அப்போ எதுக்குய்யா வாயு மாத்திரை கொடுத்தே என்று கேட்பாள். அதற்குத்தான் பயந்தேன்.

கொழுப்புக்கு எதற்கு ஸ்கேன் என்று சின்னையாவுக்கும் பட்டுவிட்டது. பருத்தி எடுப்பு முடியட்டும் என்றார், சரி என்றேன். பருத்தி முடிந்து மிளகாய் வந்தது. கடைசியில் போனபோது பழைய இடத்தில் புதுக் கட்டி. இரண்டாவது ஆபரேஷனுக்குக் கையெழுத்துக் கேட்ட அன்றைக்குத்தான் சின்னம்மாவிடம் நோயின் பெயரைச் சொன்னேன். அவள் மாத்திரையைப் பற்றித்தான் கேட்டாள்.