அவரவர் கருவியா, அரசின் கடமையா?

2020இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, வத்திராயிருப்பில் எங்கள் தெருவில் பல வீடுகளுக்கு ஒரே செல்போன். விடிந்தால் அது அப்பாவோடு தோப்பு வேலைக்குப் போய்விடும். அவர் திரும்பிய பிறகே பிள்ளைகளுக்குப் பாடம். கல்வித் தொலைக்காட்சி பாடம் சொன்னது, சந்தேகம் கேட்க வழியில்லை.

இப்போது, மாணவர்கள் சொந்தக் கருவியோடு வகுப்புக்கு வரலாம் என்கிறார்கள். தோழர்களே, தொழில்நுட்பம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பாடநூல், சத்துணவு போல அதையும் அரசே தரட்டும். 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் காட்டிய வழி அதுதான். இணையம் கல்வி உரிமையின் பகுதி என்று கேரள உயர் நீதிமன்றமும் 2019இல் தீர்ப்பளித்தது.

இரட்டைக் குவளை பார்த்தவர்கள் நாம். வகுப்பறையில் இரட்டைத் திரை வர விடக் கூடாது.