மூன்று முறை போனதாகக் கணக்கு

வாக்காளர் பட்டியலில் மோசடி எவ்வளவு நடக்கிறது என்று திருப்பத்தூர் டீக்கடைகளில் பேச்சு எழுந்தால் நான் வாய் திறப்பதில்லை. ஒரு வாக்குச்சாவடிப் பாகத்தின் பட்டியல் எப்படிக் கெட்டது என்று எனக்குத் தெரியும். கெடுத்தவன் நான்.

2025 நவம்பர் 4 அன்று தமிழ்நாட்டில் எஸ்.ஐ.ஆர். என்கிற வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. வாத்தியாரான எனக்கு பி.எல்.ஓ., அதாவது வாக்குச்சாவடி நிலை அலுவலர் வேலை, ஜவ்வாது மலையில் புதூர்நாட்டுப் பக்கம் சில ஊர்கள். வீட்டில் ஆளில்லையென்றால் மூன்று முறையாவது போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி. மழைக்காலம், ஏற்றம், மூட்டு வலி. பஸ் போகும் ஊர்களை ஒழுங்காக முடித்தேன். மேலே இருந்த ஊருக்கு ஒரே ஒருமுறை போனேன். பாதி வீடு பூட்டிக் கிடந்தது.

“குடகுக்குக் காப்பி பறிக்கப் போயிருக்காங்க சாரு, தையில வந்துடுவாங்க” என்றார் ஒரு பாட்டி. மகனும் மருமகளும் போயிருந்தார்கள். ஊரில் இல்லாதவருக்காகக் குடும்பத்தில் வயதுவந்த யாரும் கணக்கெடுப்புப் படிவத்தில் கையெழுத்துப் போடலாம். பாட்டியின் கைரேகையே போதும். அதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் பழைய பட்டியலில் ஒவ்வொரு பெயராகத் தேடி நானே நிரப்ப வேண்டும். கீழே இறங்கி வந்து, மூன்று முறை போனதாகக் கணக்குக் கொடுத்து, ‘குடிபெயர்ந்தவர்’ என்று குறித்துவிட்டேன். இன்னொரு ஊரில் இறந்துபோன ஒருவருக்கு மகன் கையெழுத்திட்டு நீட்டிய படிவத்தை, தெரிந்தே வாங்கிக்கொண்டேன். துக்க வீட்டில் என்ன விசாரணை என்று எனக்கு நானே சமாதானம்.

டிசம்பர் 19 அன்று வரைவுப் பட்டியல் வந்தது. மாநிலம் முழுக்க சுமார் 97.37 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தவர்கள் ஏறக்குறைய 27 லட்சம். முகவரியில் இல்லாதவர்கள், குடிபெயர்ந்தவர்கள் 66 லட்சத்துக்கு மேல். ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பதிவானவர்கள் 3.39 லட்சம். மோசடி என்று சந்தேகிக்க இடமுள்ள அந்தக் கடைசிக் கணக்கு நூற்றுக்கு நான்கைக்கூடத் தொடவில்லை. அதிலும் ஜோலார்பேட்டையில் ரயிலேறி பெங்களூரில் குடியேறியவர்களைப் போல, பழைய பெயரை நீக்க மறந்தவர்கள் எத்தனையோ பேர். இரண்டு இடத்தில் பெயர் இருப்பது சட்டப்படி தப்பு. அதற்காக இரண்டு ஓட்டுப் போட்டார்கள் என்று ஆகிவிடாது.

டீக்கடையில் இந்த நிதானம் யாருக்கும் இல்லை. மலைக்காரர்கள் ஓட்டைத் திட்டம்போட்டுத் தூக்கிவிட்டார்கள் என்றார் ஒருவர். இத்தனை காலமும் இத்தனை கள்ள ஓட்டு விழுந்திருக்கிறது பார் என்றார் எதிர்க்கட்சிக்காரர். இருவரும் ஆதாரமாகக் காட்டியது என் பாகத்தைத்தான். அவர்கள் தேடிய சதிகாரன் பக்கத்து பெஞ்சில் வடை தின்றுகொண்டிருந்தான். பட்டியலில் கதவு எண் பூஜ்யம் என்றிருந்ததும் அவர்களுக்குப் பெரிய துப்பு. மலையில் எத்தனை வீட்டுக்குக் கதவு எண் இருக்கிறது என்றாவது சொல்லியிருக்கலாம். பேச்சை ஆரம்பித்தால் மற்றதும் வெளியே வந்துவிடுமோ என்ற பயம்.

கள்ள ஓட்டே கிடையாது என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் வாணியம்பாடியும் ஆம்பூரும் அடங்கிய வேலூர்த் தொகுதியில் 2019 ஏப்ரலில் மக்களவைத் தேர்தலே ரத்தானதே, அது கட்டுக்கட்டாகப் பிடிபட்ட ரொக்கத்தால். ஆகஸ்டில் மறுபடி நடந்தபோது வெற்றி வித்தியாசம் 8,141. அப்படி நூலிழையில் முடிகிற தேர்தலில் என்னைப் போல் பலர் சோம்பியிருந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். கள்ள ஓட்டுப் போடுகிறவனுக்காவது மாட்டிக்கொள்வோம் என்ற பயம் உண்டு. என்னை யாரும் கேட்கவேயில்லை.

தை மாதம் அந்த மருமகள் இறங்கி வந்தாள். பல தேர்தலில் ஓட்டுப் போட்டவளுக்கு, புதிதாகச் சேர்கிறவர்களுக்கான படிவம் 6ஐ நிரப்பிக் கொடுத்தேன்.

“யாரு சாரு பேரை எடுத்தது?”

“கம்ப்யூட்டர்ல ஏதோ தப்பாயிடுச்சும்மா.”

அலைச்சல் பார்க்காமல் உதவினேனாம். பையிலிருந்து ஒரு படி சாமை அரிசி எடுத்துக் கொடுத்தாள். வேண்டாம் என்று ஒரு பேச்சுக்குச் சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டேன்.