கழற்றலும் பூட்டலும்

ஒரு பொருளை அதன் இடத்திலிருந்து கழற்றுவதற்குக் கைவலிமை போதும். அதனை மீண்டும் அதன் இடத்திலே பூட்டுவதற்குக் கையோடு கருத்தும் வேண்டும். வன்னி மண்ணில் வாழ்ந்தவர்களுக்கு இதனை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும், ஒரு பழைய வானின் பின்னிருக்கைத் தலைதாங்கிகள் நான்கு, எமது வீட்டிலே இவ்வுண்மையை நாள்தோறும் புதிதாய்ப் போதித்து வருகின்றன என்றால், வாசகர்கள் நகைக்கவுங்கூடும்.

தலைதாங்கி என நாம் குறிப்பது, வாகன இருக்கையின் சாய்மணைக்கு மேலே சிறு தலையணை போல நிற்கும் உறுப்பினை ஆகும். சாரதிமார் அதனை 'ஹெட் ரெஸ்ட்' என்பர். எமது ஆச்சியோ, 'சீற்றின்ரை தலை' என்று அதற்கு அழகியதொரு பெயரைச் சூட்டிவிட்டார்.

வானைப் பற்றியும் இரண்டொரு வார்த்தை சொல்லவேண்டும். அது டொயோட்டா நிறுவனத்தின் ஹயேஸ் வகையைச் சேர்ந்தது. அவ்வகை முதன்முதல் 1967ஆம் ஆண்டிலே யப்பானில் வெளிவந்தது. எம்முடையது அதற்கு மிகப் பிந்திய உருவம். இலங்கையர் 'டொல்பின்' என்று செல்லமாய் அழைக்கும் இனம். நெல் விற்ற பணமும், கடல் கடந்து வாழும் உறவினர் அனுப்பிய பணமும் சேர்ந்து அதனை எமது முற்றத்திற்குக் கொண்டுவந்தன.

அதனை வாங்கியதன் நோக்கம் உல்லாசப் பயணம் அன்று. ஆச்சி கிணற்றடியில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, சத்திரசிகிச்சை செய்துகொண்டவர். முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணத்திற்குக் கிளினிக் நாள்களில் அவரை அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. அவசர நோயாளருக்கு 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் 'சுவசெரிய' அம்புலன்ஸ் வண்டி இலவசமாய் வரும். 2016இல் தென்னிலங்கையில் தொடங்கிய அச்சேவை 2018இல் வடக்கிற்கும் வந்தது பெரும் பேறே. ஆனால், அது ஆபத்து வேளைக்கு உரியது. மாதந்தோறும் போய்வரும் கிளினிக் பயணத்திற்கு உரியதன்று.

புதுக்குடியிருப்பு, விசுவமடு, தருமபுரம் எனக் கடந்து பரந்தனில் ஏ-9 வீதியை அடைந்து, ஆனையிறவு வழியாக யாழ்ப்பாணம் சேர, ஏறக்குறைய நூற்றுப்பத்துக் கிலோமீற்றர் செல்லவேண்டும். ஓடும் வானிலே ஆச்சி பட்டி அணிந்து அமர்ந்தே வருவார். அதில் விட்டுக்கொடுப்பு இல்லை. ஆனால், ஒரு மணிநேரத்திற்கு மேல் இருந்தால் இடுப்பு வலி பொறுக்க முடியாததாகிவிடும். ஆகவே பரந்தனுக்கு அண்மையில் ஒரு மரநிழலிலும், வைத்தியரைக் கண்ட பின் யாழ்ப்பாணத்திலே மற்றொரு மரநிழலிலும், திரும்பும் வழியில் மீண்டும் ஒரு முறையும் வானை நிறுத்தி அவரைப் படுக்கவைப்போம். அந்த அரைமணிநேரத்திற்கு வான் ஒரு சிறு வீடாகிவிடும்.

அதற்குத் தடையாய் நிற்பவை தலைதாங்கிகளே. நடுவரிசையின் சாய்மணையைப் பின்னோக்கி முற்றாகச் சாய்த்தால், அது பின்வரிசை இருக்கையோடு ஒட்டி ஒரே தளமாய் அமையும். தலைதாங்கி இருந்தாலோ, அது பின்னிருக்கையில் முட்டி, சாய்மணை பாதி வழியிலேயே நின்றுவிடும். எனவே அவற்றை ஒரு நாளில் மூன்று முறை கழற்றவும், மூன்று முறை பூட்டவும் வேண்டும். இதற்காகக் கராச்சுக்குப் போவதென்பது நடக்கும் காரியமா?

செய்முறை எளிது. ஒவ்வொரு தலைதாங்கியும் இரண்டு உருக்குக் கம்பிகளில் நிற்கிறது. அக்கம்பிகள் சாய்மணையின் மேல் விளிம்பிலுள்ள இரண்டு பிளாஸ்ரிக் குழாய்களினுள்ளே இறங்குகின்றன. ஒரு குழாயின் வாயிலே சிறு பொத்தான் உண்டு. அந்தப் பக்கத்துக் கம்பியிலே பல்லுப் போன்ற வெட்டுகள் உண்டு. பொத்தானை அழுத்தியபடி, இரு கம்பிகளும் சமமாய் எழும்படி நேரே மேலே தூக்கினால் தலைதாங்கி வெளியே வந்துவிடும். ஒரு புறத்தை மாத்திரம் இழுத்தால் இறுகிக்கொள்ளும். வானின் கூரை இடித்தால், முதலில் சாய்மணையைச் சிறிது சரித்துக்கொள்ள வேண்டும். சில வாகனங்களில் மற்றைய குழாயிலும் ஒரு மறைவான பூட்டு இருக்கும். அதன் நுண்துளையில் மெல்லிய கம்பியை நுழைத்து அழுத்தினால் இளகும். சுத்தியலும் திருப்புளியும் இங்கே வேண்டியதில்லை. நெம்பினால் பிளாஸ்ரிக் வாய் வெடிக்கும். வெடித்தால் பின்னர் தலைதாங்கி நிற்க வேண்டிய உயரத்தில் நில்லாது.

கழற்றியவற்றைக் கண்டபடி போடுவதும் கூடாது. எமது மருமகன் ஒவ்வொன்றின் அடியிலும் 'நடு இடம்', 'நடு வலம்' என்று சுண்ணாம்புக் கட்டியால் எழுதி, பழைய சாரம் ஒன்றில் சுற்றி, இருக்கையின் கீழே செருகிவைப்பான். திடீரெனத் தடை போட்டால், கட்டப்படாத பொருள் எதுவும் எறிகல்லாய்ப் பறக்கும் அல்லவா?

ஒரு நாள் பெரியண்ணர் ஒரு யோசனை சொன்னார்: "ஏன் வீணாய் மினக்கெடுறியள்? நாலையும் கழட்டி வீட்டிலை வையுங்கோ. பின்னுக்கு இருக்கிறவைக்கு உது என்னத்துக்கு?"

அவர் சொன்னதிலே நியாயம் இல்லாமல் இல்லை. பின்னிருக்கையில் அமர்பவர்கள் பிள்ளைகள், பாதை நன்று, வான் மெதுவாகவே ஓடும். ஆயினும் மைத்துனியார் இசையவில்லை. அவர் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிப்பவர். அன்று எமது முற்றமே வகுப்பறையாயிற்று.

நிற்கும் வாகனத்தைப் பின்னாலிருந்து ஒரு லொறி மோதுகிறது என வைத்துக்கொள்ளுங்கள். சாய்மணை முதுகைத் தாங்கி உடலை முன்னே தள்ளிவிடும். தலைக்கோ அங்கே தாங்குவார் இல்லை. நியூற்றனின் முதலாம் விதிப்படி அது இருந்த இடத்திலேயே இருக்க முனையும். உடல் முன்னே போகத் தலை பின்னே தங்க, இடையிலுள்ள கழுத்துப் பின்புறமாக மடிந்து, மறுகணம் முன்னே சுண்டும். சாட்டையின் நுனி சுண்டுவது போன்ற இந்த அசைவினால் கழுத்தின் தசைகளும் நார்களும் கிழியும். வெளியே ஒரு துளி இரத்தமும் தெரியாது; வலி மாத்திரம் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நிலைக்கும். இதனைத் தடுப்பதற்காகவே தலைதாங்கி பிறந்தது. அமெரிக்காவிலே 1969 சனவரி முதலாந் திகதி தொடக்கம் புதிய கார்களின் முன்னிருக்கைகளில் அதனைச் சட்டம் கட்டாயமாக்கியது. ஆதலால் அது சொகுசுத் தலையணை அன்று; காவல் உறுப்பு. அதன் மேல்விளிம்பு தலையின் உச்சியளவுக்கு, குறைந்தது காதின் மேல்விளிம்பளவுக்கேனும் உயர்ந்திருக்க வேண்டும். தலைக்கும் அதற்கும் இடைவெளி இயன்றவரை சிறிதாயிருக்க வேண்டும்.

"விபத்து நடந்தால் கண்ணாடியை உடைக்கத்தானே உதைக் கழட்டுற மாதிரிச் செய்திருக்கினம்?" என்று மருமகன் இடையிலே கேட்டான். பலரும் நம்பும் கதை அது. வேறு வழியற்ற வேளையில் அக்கம்பி உதவினும் உதவலாம்; ஆனால், அதற்காக அது ஆக்கப்பட்டதன்று. உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும், இருக்கையை மடிக்கவும் வசதியாகவே கழறும்படி செய்தனர்.

இவ்வளவையும் கட்டிலில் சாய்ந்தபடி கேட்டிருந்த ஆச்சி மெல்லச் சிரித்தார். "உது புதினமோ? வட்டாப்பளைப் பொங்கலுக்குக் கூடார வண்டிலிலை போவம். வைக்கலைப் பரப்பிப் பாயை விரிச்சால் படுக்கை. சூடு அடிச்சு நெல்லு ஏத்தேக்கை கூடாரத்தைக் கழட்டுவினம். பொங்கல் வந்தால் திருப்பிக் கட்டுவினம். கட்டாத வண்டிலிலை அப்பு பிள்ளையளை ஏத்தவே மாட்டார்."

பின்பு சிறிது நேரம் மௌனமாயிருந்தார். அவர் எதனை நினைத்தார் என்பது எமக்குத் தெரியும். 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியிலும் 2009இன் தொடக்கத்திலும் ஊர்விட்டு ஊர் பெயர்ந்தபோது, வன்னி மக்கள் தம் வீட்டுக் கதவுகளையும் யன்னல்களையும் கூரைத் தகரங்களையும் தம் கையாலேயே கழற்றி உழவு இயந்திரப் பெட்டிகளில் ஏற்றினர். போகுமிடத்தில் ஒரு நிழல் வேண்டும். திரும்பி வந்தால் பூட்டவும் வேண்டும் என்பதே எண்ணம். எமது வீட்டின் முன்கதவு முதிரை மரத்தாலானது. ஆச்சியின் சீதனவீட்டுக் கதவு. அது எந்த இடப்பெயர்வில், எந்தத் தெருவோரத்தில் கைவிடப்பட்டதோ! இன்று எமது வாசலில் நிற்பது வேறு கதவு.

அதனாற்போலும், பயணம் புறப்படுமுன் ஆச்சி ஒவ்வொரு முறையும், "நாலும் பூட்டியாச்சோ?" என்று கேட்பார். பூட்டுவதற்கும் முறை உண்டு. வெட்டுள்ள கம்பி பொத்தான் உள்ள குழாயிலே இறங்க வேண்டும். வளைந்த முகம் முன்னே நோக்க வேண்டும். 'டிக்' என்ற ஓசை கேட்க வேண்டும். கேட்டபின்பும் ஒரு முறை மேலே இழுத்து, அசையாமை காணவேண்டும். மருமகன் நான்கையும் இழுத்துப் பார்த்து, "நாலும் பூட்டியாச்சு, ஆச்சி" என்பான். அதன் பின்னரே சாரதி சாவியைத் திருப்பலாம். பெரியண்ணரும் இப்போது அந்த விடைக்காகக் காத்திருக்கிறார்.

மாணவர்கள் இச்சிறு வேலையைப் பெரியோர் முன்னிலையில் செய்து பழகுதல் நன்று. பொறி ஒன்றின் அமைப்பும், பௌதிக விதி ஒன்றின் பொருளும் ஒருங்கே கைவரும். அவற்றினும் மேலாக, வேண்டியபோது இளக்கிக்கொண்டதை வேண்டியபோது இறுக்கிவைக்கும் ஒழுங்கும் கைவரும். இழந்த கதவுகளை எவராலும் மீட்டுத்தர இயலாது. ஆனால், எமது கைக்கு எட்டியவற்றையேனும் எடுத்த இடத்தில் வைக்கலாம். பின்னால் அமர்ந்திருக்கும் சிறு தலைகளுக்கு அந்த அளவு காவலேனும் நாம் கடன்பட்டிருக்கிறோம்.