ஈரத் தரை

தஞ்சாவூர் வீட்டின் பின்கட்டு அறைக்கு மரத்தரை போட ஆசாரியைக் கூப்பிட்டேன். “சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்கம்மா” என்றார். வீடும் பணமும் என்னுடையவை என்றேன். கான்கிரீட் தரையில் பாலித்தீன் தாளை விரித்து நான்கு ஓரமும் டேப் ஒட்டிப் போனார். ஐப்பசி மழை. மறுநாள் பிரித்தால் தாளின் அடியில் முத்து முத்தாக நீர். மண்ணின் ஈரம் மேலே ஏறுகிறது, பலகை உப்பிவிடும் என்றார்.

அந்த அறையில்தான் அம்மா மாதம் மூன்று நாள் பாயில் படுத்தாள். பாய் அடியில் ஈரமாகிறது என்றபோது, “தண்ணியக் கொட்டிட்டுச் சாக்கு சொல்றா” என்றாள் அப்பாயி. தாளைக் காட்டினேன். அம்மா நீரைத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

தை பிறந்து தரை காய்ந்ததும், ஈரம் தடுக்கும் தாள் விரித்து, சுவரோரம் 10 மி.மீ. இடைவெளி விட்டுப் போடப்போகிறார். தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாதாம். நல்லது.