சில்லறை எங்கே போகிறது?

போன தீபாவளிக்கு பெங்களூரிலிருந்து வந்த அக்கா பையன், சட்டைப் பையிலிருந்து கார் சாவி சைஸில் ஒன்றை எடுத்துக் காட்டினான். குட்டித் திரை, இரண்டு பட்டன். 'மாமா, என் அஞ்சு வருஷ சேமிப்பு இதுக்குள்ளதான் இருக்கு' என்றான். அக்கா முறைத்தாள்.

அவன் சொன்னது முழுக்கச் சரியில்லை. ஹார்ட்வேர் வாலட்டுக்குள் பிட்காயின் இருக்காது. அதைச் செலவழிப்பதற்கான ரகசியச் சாவிதான் இருக்கும். சாவியை வெளியே காட்டாமல் உள்ளேயே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும். கம்ப்யூட்டரில் வைரஸ் இருந்தாலும் பாதகமில்லை என்பது ஏற்பாடு. (பிட்காயின் வாங்கலாமா என்று எனக்கு எழுதாதீர்கள். என்னிடம் ஒன்றுகூடக் கிடையாது.)

இந்த வகைக் கருவிகளில் முன்னோடி, ப்ராக் நகரத்து சதோஷிலேப்ஸ் 2014-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த ட்ரெஸர். அதன் ஃபர்ம்வேரை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தம் அனுப்பலாம். எனக்கும் பொழுது போகவேண்டுமே, இறக்கிக்கொண்டேன்.

ஓட்டிப் பார்க்கக் கருவிகூட வேண்டாம். எமுலேட்டர் என்று ஒன்று அதே ஃபர்ம்வேரைக் கம்ப்யூட்டரில் ஓட்டுகிறது. சோதனைகளைத் தட்டிவிட்டால் ஜன்னலில் அந்தக் குட்டித் திரை பேய் பிடித்தாற்போல் மாறுகிறது. வாலட்டை அழித்து, புதிதாக ரகசிய வார்த்தைகளை ஏற்றி, பணம் அனுப்பச் சொல்லி, தானே 'சரி' அமுக்கி, அடுத்தது. ரகசியம் என்பது 2048 ஆங்கில வார்த்தைகள் உள்ள பட்டியலிலிருந்து 12 வார்த்தை. இங்கே பெரும்பாலும் 'ஆல்' என்பதையே 12 தடவை. உலகத்துக்கே தெரிந்த ரகசியம்.

நானும் ஒரு சோதனை எழுதலாம் என்று ஆசைப்பட்டேன். சில்லறை விவகாரத்தில்.

120 ரூபாய் சாமானுக்கு 500 ரூபாய் நீட்டினால் 380 திரும்பி வருகிறதல்லவா? பிட்காயினிலும் அப்படித்தான். மிச்சம் உங்கள் வாலட்டின் வேறொரு முகவரிக்கே திரும்பும். உங்கள் காசு உங்களுக்கே என்பதால் வாலட் அதைத் திரையில் காட்டித் தொந்தரவு செய்வதில்லை. இங்கேதான் வில்லங்கம். ஒரே ரகசியத்திலிருந்து வரும் முகவரிகளின் பாதையில் ஒவ்வொரு படியிலும் 200 கோடிக்கு மேல் எண்கள். உங்கள் கம்ப்யூட்டரில் புகுந்தவன் மிச்சத்தை ஏதோ ஒரு 173 கோடியாவது முகவரிக்கு அனுப்பிவிட்டால்? பணம் உங்களுடையதுதான். எந்த அறையில் என்று அவனுக்குத்தான் தெரியும். எண்ணைச் சொல்லக் கூலி கேட்பான். அதனால் எண் 10 லட்சத்தைத் தாண்டினால், அதைச் சில்லறையென்று நம்பாமல் திரையில் காட்டிக் கேட்கும்படி எழுதியிருக்கிறார்கள்.

கொஞ்சம் பெரிய எண் கொடுத்து, கையெழுத்து சரியாக வருகிறதா என்று பார்க்கும் சோதனை எழுதினேன். ஓட்டினேன். பச்சை. பெருமையாக அனுப்பினேன்.

மறுநாள் பரிசீலித்தவரிடமிருந்து ஒரே ஒரு கேள்வி. அந்த 10 லட்ச வரம்பையே ஃபர்ம்வேரிலிருந்து நீக்கிவிட்டு ஓட்டிப் பார்த்தீர்களா?

பார்க்கவில்லை. நீக்கிவிட்டு ஓட்டினேன். அப்போதும் பச்சை! பூட்டைக் கழற்றிய பிறகும் கதவு பத்திரமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தது என் சோதனை. காது சூடாகிவிட்டது.

யோசித்தால் காரணம் எளிது. சோதனையில் பட்டன் அமுக்குவது ஒரு நிரல். திரையில் எது வந்தாலும் 'சரி', எதுவுமே வராவிட்டாலும் கவலையில்லை. நான் பார்த்ததோ கடைசிக் கையெழுத்தை மட்டும். அது இரண்டு வழியிலும் ஒன்றுபோல்தான் வரும். நடுவில் திரை கேட்டதா இல்லையா என்பதுதான் விஷயமே. வாலட் என்னென்ன கேள்வி, எந்த வரிசையில் கேட்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்க வழி இருக்கிறது. அதைச் சேர்த்தேன். வரம்பை நீக்கினால் சிவப்பு, திரும்ப வைத்தால் பச்சை. இரண்டையும் இரண்டிரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன். இந்தத் தடவை கேள்வி வரவில்லை, ஏற்றுக்கொண்டார்கள். சிவப்பைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டது அதுவே முதல் தடவை.

உடனே பெங்களூருக்கு போன் போட்டேன். 'பணம் அனுப்பறப்போ அந்தச் சின்னத் திரையில வர்ற முகவரியைப் படிச்சுப் பார்க்கறியாடா?'

'மாமா, அது 42 எழுத்து இருக்கும். யாரு படிப்பாங்க?' என்றான்.