பின்பக்கப் பாட்டு

புனேயில் மகன் வீட்டில் இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பஞ்ச்கனி போனோம். டேபிள் லேண்டில் குதிரை வண்டி, ஸ்ட்ராபெரி ஐஸ்கிரீம், என் முழங்கால் வலி எல்லாம் முடிந்து திரும்பும்போது பேரன் சொன்னான்: "தாத்தா, ஃப்ரெடி மெர்குரி இங்கதான் செயின்ட் பீட்டர்ஸ் ஸ்கூல்ல படிச்சார். அப்பவே ஒரு பேண்டு வெச்சிருந்தாராம்."

எனக்கு அந்தப் பெயர் அரைகுறையாகத்தான் தெரியும். சான்சிபாரில் பிறந்த பார்சி பையன், சொந்தப் பெயர் ஃபரூக் புல்சாரா, லண்டன் போய் 'குயீன்' என்ற ராக் குழுவின் பாடகரானவர் என்று வழியெல்லாம் பேரன் பாடம் எடுத்தான். ஊர் திரும்பியதும் காலை நடையில் காதில் மாட்டிக்கொண்டு கேட்க ஆரம்பித்தேன். (வீட்டுக்காரி, "இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இந்த டமால் டுமீல்?" என்றாள். சுப்ரபாதம் கேட்பதாக நினைத்துக்கொண்டிருந்தாளாம்.)

பாட்டைவிட என்னைப் பிடித்துக்கொண்டது அவர்களுடைய கணக்கு. குயீனில் இருந்தது நான்கு பேர். நான்கு பேரும் பாட்டு எழுதுவார்கள். 'வீ வில் ராக் யூ' கிதார் வாசித்த பிரையன் மே எழுதியது. 'ரேடியோ கா கா' டிரம்ஸ் வாசித்த ரோஜர் டெய்லருடையது. அமெரிக்காவில் முதலிடம் பிடித்த 'அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்', மேடையில் அதிகம் வாய் திறக்காத பேஸ் கிதார்காரர் ஜான் டீக்கனுடையது. அந்தப் பாட்டைத் தூக்கி நிறுத்துவதே பேஸ் கிதாரின் அந்த நாலு தட்டுதான்.

எழுதியவருக்குத்தான் ராயல்டி. அங்கேதான் வம்பு. 1975-ல் 'போஹீமியன் ராப்சடி' சின்ன இசைத்தட்டாக வந்தது. முன்பக்கம் மெர்குரியின் பாட்டு. பின்பக்கம் டெய்லர் கார் மோகத்தைப் பற்றி எழுதிய பாட்டு. தட்டு விற்றால் இரண்டு பக்கத்துக்கும் ஒரே ராயல்டி! இங்கிலாந்தில் ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்த தட்டு அது. ஊரெல்லாம் முன்பக்கத்துக்காக வாங்கியது, பின்பக்கத்துக்காரருக்கும் சரிபாதி போனது. வெகுகாலம் அது அவர்களுக்குள் புகைந்தது.

1989-ல் 'த மிரக்கிள்' ஆல்பம் வந்தபோது ஒரு முடிவுக்கு வந்தார்கள். இனி யார் எழுதினாலும் பெயர் 'குயீன்', பணம் நான்கு பங்கு. இதற்குப் பதினெட்டு வருஷம் ஆகியிருக்கிறது. எந்தப் பாட்டை வெளியிடுவது என்பதை அதன்பிறகு பாட்டின் தரத்தை வைத்தே முடிவு செய்ய முடிந்தது என்று மே பின்னால் சொல்லியிருக்கிறார். இரண்டு வருஷத்தில் மெர்குரி போய்விட்டார். கடைசிக் காலத்துப் பாட்டுகளில் எந்த வரி யாருடையது என்று உறையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நடக்கையில் எனக்கு வேறொரு கணக்கு ஞாபகம் வந்துவிட்டது.

1978-ல் எங்கள் தொழிற்சாலைக் குடியிருப்பில் நாங்களும் நான்கு பேர். ஒரு பாடகர், கிதாருக்கு ஒருவர், ஹார்மோனியத்தில் நான், டோலக்குக்கு டர்னிங் பிரிவுத் தம்பி ஒருவன். சுற்றுவட்டாரக் கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு என்று போவோம். கணக்கு என் கையில். முந்நூறு ரூபாய் வந்தால் பாடகருக்கு 120, கிதாருக்கு 70, எனக்கு 70, டோலக்குக்கு 40. "டோலக்கை யார் வேணாலும் தட்டலாம்" என்பது அன்றைய என் சித்தாந்தம்.

மாரியம்மன் திருவிழாவுக்குச் சொந்தமாக ஒரு பாட்டுப் போட்டோம். உண்மையில் அது எப்படிப் பிறந்தது என்றால், ஒத்திகைக்கு நாங்கள் வரத் தாமதமானபோது அந்தத் தம்பி சும்மா உட்கார்ந்து ஒரு தாளத்தைத் தட்டிக்கொண்டிருந்தான். அதன்மேல் நான் மெட்டைப் போட்டேன். தாளம் இல்லாவிட்டால் அந்த மெட்டு எனக்கு வந்திருக்காது. ஜனங்களுக்குப் பிடித்துப்போனதும் அந்தத் தாளம்தான். ஆனால் நோட்டீஸில் 'பாடல், இசை' என்று என் பெயர் மட்டும் இருந்தது. அச்சகத்தில் எழுதிக்கொடுத்தவன் நான்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த திருவிழாவுக்கு, "ஷிஃப்ட் மாறிடுச்சு அண்ணே" என்றான். அதோடு வரவில்லை. வேறு ஆளை வைத்துப் பார்த்தோம். தட்டினார், பாட்டு நிற்கவில்லை. ஆறு மாதத்தில் குழுவே கலைந்தது.

போன வாரம் பழைய சகா ஒருவரிடம் நம்பர் வாங்கி அவனைக் கூப்பிட்டேன். ரிட்டயராகி மகள் வீட்டில் இருக்கிறானாம். பேரன் பேத்தி, சர்க்கரை, பிரஷர் எல்லாம் பேசி முடித்தபின், "அந்த மாரியம்மன் பாட்டு உன்னோடதுப்பா. நோட்டீஸ்ல உன் பேரையும் போட்டிருக்கணும். நாற்பது ரூபாய் கொடுத்ததும் தப்பு" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"அண்ணே, நாப்பது இல்ல. டீச் செலவுன்னு அஞ்சு ரூபா புடிச்சுக்கிட்டீங்க. முப்பத்தஞ்சு."

அப்புறம் போனை எதன் மேலேயோ வைத்துவிட்டு, மேஜையோ நாற்காலியோ தெரியவில்லை, அந்தத் தாளத்தைத் தட்டிக் காட்டினான். ஒரு இடம்கூடப் பிசகவில்லை.