சாலை சேராத ஊர்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், கடல் மலைகளுக்கிடையே நீண்ட கைபோல உள்ளே நுழைந்திருக்கிறது. பனியாறுகள் குடைந்த பள்ளத்தாக்கில் கடல்நீர் புகுந்ததால் உண்டான இடம் அது. பெயர் லாக் நெவிஸ். நன்னீர் ஏரிக்கும் இத்தகைய கடல்நீர்ப் பகுதிக்கும் அங்குள்ளோர் ‘லாக்’ என்ற ஒரே சொல்லைத்தான் வழங்குகின்றனர். நீரைச் சுவைத்துப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும்!

இதன் வடகரையில், நொய்டார்ட் என்னும் மலைப்பகுதியில், இன்வெரி என்ற சிற்றூர் உள்ளது. ஊருக்குள் சில மைல் தூரம் சாலை உண்டு. ஆனால், அது நாட்டின் வேறெந்தச் சாலையோடும் சேர்வதில்லை. மாலேக் துறைமுகத்திலிருந்து படகில் போகலாம். இல்லையேல், கின்லாக் ஹோர்னிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர் மலைப்பாதையில் நடக்க வேண்டும். நான் படகில்தான் சென்றேன். கரை சேர்வதற்குள் மூன்று முறை மழை பெய்து ஓய்ந்தது.

தென்கரையில் டார்பெட் தெரிந்தது. ஒரு சில வீடுகளே உள்ள இடம். படகைத் தரைமேல் இழுத்துச் செல்லும் இடம் என்பது அப்பெயரின் பொருள். அதன் பின்னாலுள்ள மோரார் ஏரிக்கும் கடலுக்கும் இடையே குறுகிய நிலப்பகுதிதான் இருக்கிறது. அக்காலத்தில் மலையைச் சுற்றிப் போவதைவிடப் படகை இழுப்பதே எளிதாக இருந்திருக்கும்.

நொய்டார்ட் கரையோரத்தில் நடந்தபோது, பெரணிச் செடிகளுக்கிடையே கூரையற்ற கற்சுவர்களைக் கண்டேன். வாசல் இருந்த இடம் இன்னும் தெரிகிறது. 1853ஆம் ஆண்டில் ஆடு வளர்ப்பதற்காக இங்கிருந்த குடியானவர்கள் வெளியேற்றப்பட்டனர். 300க்கும் மேற்பட்டோர் ‘சில்லரி’ என்ற கப்பலில் கனடாவுக்கு அனுப்பப்பட்டனர். போக மறுத்தவர்களின் வீடுகள் இடிக்கப்பட்டன. அவர்கள் இடிபாடுகளின் ஓரத்தில் குடிசை போட்டனர், அவையும் பிய்த்தெறியப்பட்டன. ஆகவே, இந்நிலத்தை ‘மனிதர் கால் படாத இயற்கை’ என்று வருணிப்பவர்களுடன் என்னால் உடன்பட முடியவில்லை. இந்த அமைதி இயற்கை தந்ததன்று.

1948இல் ஏழு பேர் இங்கே நிலத்தை அளந்து, தமக்குரியதெனக் கோரினர். நீதிமன்றத்தில் அவர்கள் தோற்றனர். எனினும், ஊரின் நடுவே அவர்களுக்குக் கல்லால் ஆன நினைவுச்சின்னம் ஒன்று நிற்கிறது. 1999இல், பலருடைய நன்கொடையோடு, ஊர்மக்கள் இடம்பெற்ற அறக்கட்டளை ஒன்று நிலத்தை விலைக்கு வாங்கியது. அதாவது, நிலம் மறுபடியும் அங்கு வாழ்வோர் கைக்கு வர ஏறக்குறைய 150 ஆண்டுகள் ஆயின!

இன்று அங்கு நூற்றுச் சொச்சம் பேர் வாழ்கின்றனர். நாட்டின் மின்கம்பி இங்கு வருவதில்லை. மலைநீரைக் குழாய் வழியே இறக்கித் தாங்களே மின்சாரம் எடுத்துக்கொள்கிறார்கள். மான்கள் தின்றுவிடாதபடி வேலியிட்டு மரக்கன்றுகளும் வளர்க்கிறார்கள். தொடக்கப்பள்ளியை முடித்த பிள்ளைகள் மேலே படிக்கப் படகேறித்தான் ஆகவேண்டும்.

படகுத்துறையில் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்த அம்மையார் ஒருவரிடம், குளிர்காலத்தில் சிரமமாக இருக்குமே என்று கேட்டேன்.

“புயல் அடித்தால் படகு வராது. படகு வராவிட்டால் பாலும் வராது. அதற்குத்தான் வீட்டில் பால்மாவு வைத்திருக்கிறோம்,” என்று கூறிவிட்டு, அடுத்த பெட்டியைத் தூக்கினார்.